ஆங்கில உயிரொலிகளைக் கேட்டு வட்டார வழக்கை அறிவது எப்படி? முழுமையான வழிகாட்டி

டான்ஸ் என்ற சொல்லை நீட்டிச் சொன்னால் பிரிட்டிஷ், 'டேன்ஸ்' போலச் சொன்னால் அமெரிக்கன் என்று ஒரே சொல்லை வைத்துப் பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். மான்செஸ்டரிலும் லீட்ஸிலும் அந்தச் சொல் குறுகித்தான் ஒலிக்கிறது. இரண்டும் இங்கிலாந்து நகரங்கள். சிட்னியில் ஒருவர் நீட்டுவார், இன்னொருவர் குறுக்குவார். ஒரு சொல், ஒரு ஒலி என்று பார்த்தால் இந்த வேலை தேறாது.

ஆங்கிலத்தின் மெய்யொலிகள் தாய்மொழியாகப் பேசுவோரிடையே பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஊர் தெரிவது உயிரொலியில்தான். அங்கும் "இந்த ஒலி எப்படி இருக்கிறது?" என்று முதலில் கேட்கக் கூடாது. "இவர் எந்தெந்தச் சொற்களை ஒரே உயிரொலியில் சொல்கிறார், எவற்றைப் பிரித்துச் சொல்கிறார்?" என்று கேளுங்கள். ஒலியின் சாயல் பேச்சின் வேகத்துக்கும் மனநிலைக்கும் ஏற்ப அசையும். சொற்கள் சேர்ந்திருக்கும் குழு அவ்வளவு எளிதில் கலையாது. கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்பதற்கானவை.

படி 1: எழுத்தை விட்டுச் சொற்குழுக்களைப் பிடியுங்கள்

உயிரெழுத்து ஐந்துதான். ஆனால் தென் இங்கிலாந்தின் பொது வழக்கில் ஏறத்தாழ 20 உயிரொலிகள் உண்டு; அமெரிக்கப் பொது வழக்கில் 15 வரை. எழுத்துக்கூட்டல் இங்கே வழிகாட்டாது. ஜான் வெல்ஸ் என்ற பிரிட்டிஷ் ஒலியியலாளர் 1982-இல் இதற்கு ஒரு நல்ல வழி செய்தார். ஆங்கிலச் சொற்களை அவற்றின் அழுத்தம் பெறும் உயிரொலியை வைத்து 24 குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லையே பெயராக வைத்தார். பொறியைக் குறிக்கும் ட்ரேப், குளியலைக் குறிக்கும் பாத், பாதத்தைக் குறிக்கும் ஃபுட் என்று அந்தப் பெயர்கள் போகும். இன்றைக்கும் வட்டார வழக்கை ஆராய்பவர்கள் இவற்றைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

குழுக்கள் 24 என்பதால் எல்லோரிடமும் 24 ஒலிகள் இருக்கும் என்று பொருளில்லை. பாத் குழுவைப் பாருங்கள். பாத், புல்லைக் குறிக்கும் கிராஸ், சிரிப்பைக் குறிக்கும் லாஃப், டான்ஸ் ஆகியவை அதில் அடங்கும். வட இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இவை ட்ரேப் குழுவோடு சேர்கின்றன. லண்டனில் ஃபாதர், உள்ளங்கையைக் குறிக்கும் பாம் என்ற நெடில் சொற்களோடு சேர்கின்றன. பாத் தனிக் குழுவாக நிற்பதற்குக் காரணமே ஊருக்கு ஊர் அது வேறு வேறு பக்கம் சாய்வதுதான்.

இந்தச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது உயிரொலி துல்லியமாக வராது. எனவே இங்கே எழுத்தை அடையாளமாக மட்டும் கொள்ளுங்கள்; பொருளைப் பார்த்துச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 2: காதைத் தயார் செய்யுங்கள்

தமிழ்க் காதுக்கு ஒரு வலிமை உண்டு, ஒரு பலவீனமும் உண்டு. குறிலையும் நெடிலையும் நாம் இயல்பாகவே பிரித்துக் கேட்கிறோம். அதனாலேயே ஆங்கிலத்திலும் மாத்திரையை எண்ணத் தொடங்கிவிடுகிறோம். ஷிப், ஷீப் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இ, ஈ நீட்டம்தான் என்று படுகிறது. ஆங்கிலேயரும் அமெரிக்கரும் முதலில் பிரிப்பது நாக்கின் இடத்தால். நீளம் அதற்குத் துணை.

இதைச் சோதித்துப் பார்க்க இருக்கையைக் குறிக்கும் சீட், விதையைக் குறிக்கும் சீட் இரண்டையும் ஒரு அமெரிக்கர் சொல்லக் கேளுங்கள். உயிரொலி ஒன்றுதான். ஆனால் முதல் சொல் அதிர்வற்ற மெய்யில், அதாவது தொண்டை அதிராமல் ஒலிக்கும் மெய்யில், முடிவதால் அதன் உயிரொலி குறுகிவிடும். இரண்டின் நீளமும் ஏறத்தாழ 2:3 என்ற விகிதத்தில் இருக்கும். குறுகிய அந்த ஈகாரம், குழந்தையைக் குறிக்கும் கிட் என்ற சொல்லின் இகரத்துக்கு நீளத்தில் மிக அருகில் வந்துவிடும். மாத்திரையை மட்டும் எண்ணினால் இங்கே வழி தவறுவது உறுதி.

எனவே நான்கு செய்திகளைத் தனித்தனியாகக் கேட்டுப் பழகுங்கள். நாக்கு மேலே இருக்கிறதா, கீழேயா? முன்னால் இருக்கிறதா, பின்னாலா? இதழ் குவிகிறதா? ஒலி ஒரே இடத்தில் நிற்கிறதா, வழுக்கிப் போகிறதா? முதல் மூன்றும் நமக்குப் புதியவை அல்ல. அங்காத்தல் (வாய் திறத்தல்), நாவிளிம்பு, இதழ் குவிவு என்று தொல்காப்பியப் பிறப்பியல் தமிழ் உயிர்களைப் பிரித்ததும் இதே முறையில்தான்.

நான்காவதற்குத்தான் பயிற்சி வேண்டும். கண்ணாடி முன் நின்று தமிழ் ஏகாரத்தை இரண்டு விநாடி சொல்லுங்கள். தாடை அசையாது. இப்போது லண்டன்காரர் ஒருவர் 'நாள்' என்ற பொருளில் டே என்று சொல்வதைக் கேளுங்கள். ஒலி ஒரு இடத்தில் தொடங்கி ஈகாரம் நோக்கி ஏறும். லண்டன் உழைக்கும் மக்களின் பேச்சிலும் ஆஸ்திரேலியாவிலும் அதன் தொடக்கம் இன்னும் கீழிறங்கி, நம் காதுக்கு 'டை' போலவே கேட்கும். ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்தின் பல பகுதிகளிலும் நம் ஏகாரத்தைப் போல அசையாமல் நிற்கும். 'போ' என்ற பொருளுள்ள கோ என்ற சொல்லின் ஓகாரமும் அப்படியே. நாம் பேசும் ஆங்கிலத்திலும் இந்த இரண்டும் நின்ற ஒலிகளே. அதனால் தமிழர்களுக்கு வழுக்கும் ஒலியைக் கேட்டறிவது நின்ற ஒலியைக் கேட்டறிவதைவிடக் கடினம்.

படி 3: சரியான பேச்சைப் பதிவு செய்யுங்கள்

மூன்று வகைப் பேச்சு தேவை. முதலில் பத்து நிமிடம் இயல்பான உரையாடல், பிறகு ஒரு பத்தி வாசிப்பு, கடைசியில் சொற்பட்டியல். வரிசையை மாற்றாதீர்கள். பட்டியலை முதலில் கொடுத்தால், தன் உச்சரிப்பைச் சோதிக்கிறார்கள் என்று பேசுபவர் உணர்ந்து பள்ளியில் படித்த உச்சரிப்புக்குத் தாவிவிடுவார். அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1962-இல் நியூயார்க்கின் மூன்று கடைகளில் செய்த ஆய்வு இதற்கு நல்ல பாடம். நான்காம் மாடியில் விற்கும் பொருளைப் பற்றிக் கேட்டு, கடை ஊழியர்களை ஃபோர்த் ஃப்ளோர் என்று சொல்ல வைத்தார். காதில் விழாதது போல மறுபடி கேட்டார். இரண்டாம் முறை அழுத்திச் சொன்னபோது ரகரத்தைக் கூடுதலாக ஒலித்தார்கள். ஒரே வாய், ஒரே நிமிடம், இரண்டு உச்சரிப்பு.

பட்டியலில் ஜோடிச் சொற்களை அடுத்தடுத்து வைக்காதீர்கள். பக்கத்தில் பார்த்தால் பிரித்துச் சொல்ல வேண்டும் என்ற உந்துதல் வந்துவிடும். கலைத்துப் போட்டு, இடையில் தொடர்பில்லாத சொற்களைச் சேர்த்து, ஒவ்வொன்றையும் ஒரே வாக்கியச் சட்டத்துக்குள் வைத்து மூன்று முறை சொல்ல வையுங்கள். லகரத்துக்கும் ரகரத்துக்கும் மூக்கொலிக்கும் முன்னால் வரும் உயிரொலி சாயல் மாறும். ஆகவே ஒவ்வொரு குழுவிலும் ட், ஸ், ப் போன்ற மெய்களில் முடியும் சொற்கள் சிலவாவது இருக்கட்டும்.

அளக்கப் போகிறீர்கள் என்றால் சுருக்கப்படாத டபிள்யூஏவி கோப்பாக, 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட்டில் பதியுங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், மூச்சு நேரே படாதபடி சற்றுப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். வாட்ஸ்ஆப்பில் வரும் குரல் செய்தி சுருக்கப்பட்டது. கேட்க உதவும், அளக்க உதவாது.

படி 4: கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள்

முதல் கேள்வி ரகரம் பற்றியது, ஏனென்றால் பல உயிரொலிகளின் தலையெழுத்து அதில்தான் இருக்கிறது. கார், ஃபோர்த் என்பவற்றில் ரகரம் ஒலிக்கிறதா? ஸ்காட்லாந்து, அயர்லாந்து, கனடா, அமெரிக்காவின் பெரும்பகுதி, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலை ஆகியவற்றில் ஒலிக்கும். இங்கிலாந்தின் மற்ற பெரும்பாலான பகுதிகள், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, பழைய பாஸ்டன் பேச்சு ஆகியவற்றில் ஒலிக்காது. ஒலிக்காத ஊர்களில் அந்த இடத்தை உயிரொலி நிரப்பிக்கொள்ளும். நெடில்களும் கூட்டுயிர்களும் (வழுக்கும் உயிரொலிகளும்) அங்கே கூடும். புண்பட்ட நிலையைக் குறிக்கும் சோர், 'பார்த்தான்' என்ற பொருளுள்ள சா இரண்டும் லண்டனில் ஒன்றாகிவிடும், கிளாஸ்கோவில் ஒன்றாகாது.

அடுத்தது பாத் குழு. இங்கே சற்று நிதானிக்க வேண்டும். தென் இங்கிலாந்தில் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் இந்தச் சொற்கள் நீண்டன. ஆனால் எல்லாச் சொல்லும் நீளவில்லை. கடந்துபோவதைக் குறிக்கும் பாஸ் நீளும். பொருட்திணிவைக் குறிக்கும் மாஸ் நீளாது. செடியைக் குறிக்கும் பிளான்ட் நீளும். கால்சட்டையைக் குறிக்கும் பேன்ட்ஸ் நீளாது. புல்லைக் குறிக்கும் கிராஸ் நீளும், வாயுவைக் குறிக்கும் கேஸ் நீளாது. இதற்கு விதி கிடையாது. தெற்கத்தியக் குழந்தை சொல் சொல்லாகத்தான் கற்கிறது. போலி உச்சரிப்பைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. தெற்கத்திய உச்சரிப்பைப் பாவிப்பவர்கள் கேஸையும் சேர்த்து நீட்டிவிடுவார்கள். ஆஸ்திரேலியாவில் கிராஸ் நீளும்; டான்ஸ், பிளான்ட் போன்ற மூக்கொலிச் சொற்களில் அடிலெய்ட் நீட்டும், சிட்னியிலும் பிரிஸ்பேனிலும் பலர் குறுக்குவார்கள்.

மூன்றாவதாக, கப், பஸ், லக் ஆகியவற்றின் உயிரொலியும் ஃபுட், புஷ், ஃபுல் ஆகியவற்றின் உயிரொலியும் ஒன்றா? ஒரு காலத்தில் இவை பெரும்பாலும் ஒரே குறில் உகரத்தில் இருந்தவை. 17-ஆம் நூற்றாண்டில் தெற்கே கப் குழு பிரிந்து கீழிறங்கியது. வடக்கு அந்தப் பிளவில் சேரவே இல்லை. யார்க்ஷயரில் 'வை' என்ற பொருளுள்ள புட், கோல்ஃபில் பந்தை மெல்லத் தட்டும் பட் இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கலாம். ஹெரால்ட் ஆர்ட்டன் தலைமையில் லீட்ஸ் பல்கலைக்கழகம் 1950 முதல் 1961 வரை 313 ஊர்களில் நடத்திய கள ஆய்வின் வரைபடங்களில் இந்த எல்லை தெளிவாகத் தெரிகிறது. செவர்ன் ஆற்று முகத்துவாரத்திலிருந்து கிழக்கே வாஷ் வளைகுடா வரை குறுக்கே ஓடும் கோடு அது. பாத் குழுவின் எல்லையும் அதை ஒட்டியே போகிறது. தமிழர்கள் கப், பஸ் இரண்டையும் அகரத்தால் சொல்வதால், தெற்கத்தியப் பிளவு நமக்கு இயல்பாகவே படும். வடக்கத்திய உகரம்தான் திடுக்கிட வைக்கும்.

நான்காவது: கட்டிலைக் குறிக்கும் காட், 'பிடித்தான்' என்ற பொருளுள்ள காட். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். கனடாவிலும், அமெரிக்க மேற்கிலும், பிட்ஸ்பர்க்கைச் சுற்றியும், பாஸ்டனிலும், ஸ்காட்லாந்திலும் பேச்சிலும் ஒன்றுதான். லண்டனில் முதலது குறுகிய இதழ்குவி ஒலி, இரண்டாவது நீண்டு உயர்ந்த ஒலி. கலிஃபோர்னியாவில் இணைந்த ஒலியில் இதழ் குவியாது. பாஸ்டனிலும் பிட்ஸ்பர்க்கிலும் குவியும். எனவே இணைந்திருக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டு, பிறகே சாயலைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது ஸ்காட்லாந்துக்கானது. ஃபுல், ஃபூல் இரண்டும் அங்கே பெரும்பாலும் ஒன்று. இதோடு ஸ்காட்லாந்து மொழியறிஞர் ஏ. ஜே. ஐட்கன் வகுத்த நீள விதியையும் சோதியுங்கள். சில உயிரொலிகள் ர், வ், ஸகரத்தின் அதிர்வொலியான ஆங்கில இசட் போன்றவற்றுக்கு முன்னும் சொல்லின் பகுதி முடியும் இடத்திலும் மட்டுமே நீளும். கடல் ஓதத்தைக் குறிக்கும் டைட், 'கட்டினான்' என்ற டைட் இரண்டும் லண்டனில் ஒன்று. ஸ்காட்லாந்தில் இரண்டாவதில் விகுதி ஒட்டியிருப்பதால் உயிரொலி நீண்டு, சாயலும் வேறுபடும். இவ்வளவு நுட்பமான அடையாளத்தை நடிப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள்.

அமெரிக்கத் தெற்குக்கு இரண்டு சோதனை போதும். பின், பென் இரண்டும் ஒன்றா? ஒன்று என்றால் மூக்கொலி இல்லாத பிட், பெட் ஜோடியையும் கேளுங்கள். அது பிரிந்திருக்க வேண்டும். இணைவு மூக்கொலிக்கு முன்னால் மட்டுமே நடப்பது. அடுத்து டைம், நைட். டைம் 'டாம்' போல நின்ற ஒலியாகி நைட் வழுக்கினால் அது தெற்கின் பரவலான வழக்கு. இரண்டுமே நின்றுவிட்டால் அப்பலாச்சிய மலைப்பகுதியையோ டெக்சஸின் சில பகுதிகளையோ நினையுங்கள்.

கனடாவுக்கு ரைட்டர், ரைடர். வட அமெரிக்காவில் நடுவில் உள்ள மெய் இரண்டிலும் நா தட்டும் ஒரே ஒலியாகிவிடுகிறது. ஆனாலும் கனடாக்காரர் குழம்புவதில்லை. அதிர்வற்ற மெய்க்கு முன் ஐகாரம் உயர்ந்த இடத்தில் தொடங்குவதால் ரைட்டரின் உயிரொலியே வேறாக இருக்கிறது. அபவுட், ஹவுஸ் ஆகியவற்றில் கேட்கும் 'கனடாத்தனம்' இதே உயர்வுதான். அதை 'அபூட்' என்று கேலி செய்பவர்கள் தவறாகக் கேட்கிறார்கள். ஊகாரம் அங்கே வருவதில்லை. இந்த உயர்வு அமெரிக்க வடக்கிலும், குறிப்பாக ஐகாரத்தில், உண்டு என்பதால் இதை மட்டும் வைத்துக் கனடா என்று சொல்லிவிடாதீர்கள்.

நியூசிலாந்துக்குக் காதைக் குறிக்கும் இயர், காற்றைக் குறிக்கும் ஏர் ஜோடி. இளைய தலைமுறையில் பலருக்கு இரண்டும் ஒன்று. மதுபானத்தைக் குறிக்கும் பியரும் கரடியைக் குறிக்கும் பேரும் சேர்ந்துவிடும்.

படி 5: ஓர் ஒலி நகர்ந்தால் அண்டை ஒலியையும் பாருங்கள்

நெருக்கமாக உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் ஒருவர் நகர்ந்தால் மற்றவரும் நகர்வதுபோல உயிரொலிகளும் தொடராக நகரும். நியூசிலாந்தில் ட்ரேப் குழு மேலேறியது. வாணலியைக் குறிக்கும் பேன் பிற நாட்டவர் காதில் 'பென்' ஆகிறது. பென் அதற்கும் மேலேறி 'பின்' ஆகிறது. இகரமோ நடுவாய்க்கு ஒதுங்கி, சிக்ஸ் 'சக்ஸ்' போலக் கேட்கிறது. அண்டை நாடான ஆஸ்திரேலியாவில் இகரம் எதிர்த்திசையில், ஈகாரம் நோக்கிப் போயிருக்கிறது. ஃபிஷ், சிப்ஸ் என்ற இரண்டு சொல்லே இந்த இரு நாட்டவரையும் பிரித்துக் காட்டிவிடும்.

சிகாகோ, டெட்ராய்ட், கிளீவ்லேண்ட், பஃபலோ என்று பேரேரிகளை ஒட்டிய நகரங்களில் வேறொரு தொடர். ட்ரேப் ஒலி மேலேறி வழுக்கத் தொடங்க, அது விட்ட இடத்தை நோக்கிக் கட்டில் 'காட்' ஒலி முன்னே வந்தது. தெருக்கட்டத்தைக் குறிக்கும் பிளாக்கை அந்த ஊர்க்காரர் சொன்னால், வெளியூர்க்காரர் கறுப்பைக் குறிக்கும் பிளாக் என்று கேட்கக்கூடும். லபோவ், ஷேரன் ஆஷ், சார்ல்ஸ் போபெர்க் மூவரும் 2006-இல் வெளியிட்ட வட அமெரிக்க ஆங்கில வரைபட நூலில் இந்த நகர்வு விரிவாகப் பதிவாகியிருக்கிறது. ஆனால் 'மனிதன்' என்ற பொருளுள்ள மேன் போன்ற மூக்கொலிச் சொற்களையும் மற்றவற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அத்தகைய மூக்கொலிச் சொற்களில் மட்டும் உயிரொலி ஏறுவது அமெரிக்காவின் பெரும்பகுதியில் உண்டு. மூக்கொலி இல்லாத சொற்களிலும் ஏறினால்தான் அது பேரேரி நகர்வு.

படி 6: அளந்து சரிபாருங்கள்

காது சொன்னதை ப்ராட் என்ற இலவச மென்பொருளில் சரிபார்க்கலாம். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பால் பூர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் உருவாக்கியது. கோப்பைத் திறந்து, ஒலியின் அதிர்வெண்களை நேரப்படி காட்டும் படமான ஸ்பெக்ட்ரோகிராமில் உயிரொலியின் நடுப்பகுதியைத் தேர்ந்தெடுத்து, விசைப்பலகையின் எஃப்1, எஃப்2 விசைகளை அழுத்தினால் முதல் இரண்டு ஃபார்மன்ட்களின், அதாவது வாயறையின் வடிவத்தால் வலுப்பெறும் அதிர்வெண் பட்டைகளின், மதிப்பு வரும். நாக்கு இறங்க இறங்க முதல் ஃபார்மன்ட் கூடும். நாக்கு முன்னே வர வர இரண்டாவது கூடும். வழுக்கும் ஒலியை 20 சதவீதத்திலும் 80 சதவீதத்திலும் இருமுறை அளக்க வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்க ஆய்வாளர்கள் பீட்டர்சனும் பார்னியும் 1952-இல் 76 பேரை வைத்து அளந்த எண்கள் இன்றும் உதவும். ஆண்களின் சராசரி: ஈகாரத்துக்கு 270, 2290 ஹெர்ட்ஸ், ட்ரேப் ஒலிக்கு 660, 1720, அமெரிக்கக் கட்டில் 'காட்'டுக்கு 730, 1090, ஊகாரத்துக்கு 300, 870. இவை அன்றைய அமெரிக்க எண்கள் என்பதை மறக்க வேண்டாம். இன்று பல வழக்குகளில் ஊகாரம் வெகுவாக முன்னே வந்துவிட்டது. அதன் இரண்டாம் ஃபார்மன்ட் 1500-ஐத் தாண்டினால் பிழை என்று அழித்துவிடாதீர்கள்.

அளவு கோணுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், ஃபார்மன்ட்களைத் தேடும் அதிர்வெண்ணின் மேல்வரம்பு அமைப்பு. ஐந்து ஃபார்மன்ட்களுக்கு ஆண்குரலில் 5000 ஹெர்ட்ஸ், பெண்குரலில் 5500 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். ஓகார ஊகாரங்களில் முதல் இரண்டு ஃபார்மன்ட்களும் நெருங்கி இருப்பதால் மென்பொருள் இரண்டையும் ஒன்றாக எண்ணி, மூன்றாவதை இரண்டாவது என்று காட்டிவிடும். சிவப்புப் புள்ளிகள் ஸ்பெக்ட்ரோகிராமின் கறுப்புப் பட்டைமேல் உட்கார்ந்திருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்த பிறகே எண்ணைக் குறியுங்கள். குழுவுக்குக் குறைந்தது ஐந்து சொற்களாவது அளக்க வேண்டும். குரல்வழியின் நீளம் ஆளுக்கு ஆள் மாறுவதால் ஒருவர் எண்ணை இன்னொருவர் எண்ணோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. ஒவ்வொருவரின் எண்களிலிருந்தும் அவருடைய சராசரியைக் கழித்து, அவருடைய திட்டவிலக்கத்தால் வகுத்த பிறகு ஒப்பிடுங்கள். ஒலியியல் ஆய்வாளர் லோபனோவ் 1971-இல் தந்த இந்த முறை எளிமையானது, பெரும்பாலான வேலைக்குப் போதுமானது.

படி 7: முடிவை எழுதுங்கள்

பேசுபவரின் வயது, வளர்ந்த ஊர், பதிவின் சூழல் மூன்றும் குறிப்பில் இருக்க வேண்டும். தென் இங்கிலாந்தில் 'ஏழை' என்ற பொருளுள்ள புவர் முதியவர் வாயில் கூட்டுயிராகவும் இளைஞர் வாயில் நின்ற ஓகாரமாகவும் வரக்கூடும். ஊர் ஒன்றே, வயதுதான் வேறு.

ஒரு மாதிரி. பதிவில் ரகரம் ஒலிக்கிறது. இரண்டு காட்டும் ஒன்று. டே, கோ நின்ற ஒலிகள். கனடாவா, ஸ்காட்லாந்தா? ரகரமும் காட் இணைவும் இரு நாட்டுக்கும் பொது. நின்ற ஏகாரம் ஸ்காட்லாந்தைக் காட்டினாலும் கனடாவின் மேற்கிலும் சில பேச்சுகளில் ஏகாரம் அதிகம் வழுக்காது. ஆகவே ஃபுல், ஃபூல் ஜோடிக்குப் போகிறோம்: ஒன்றாக ஒலிக்கிறது, கனடா பெரும்பாலும் விலகிவிட்டது. லகரத்துக்கு முன் சில அமெரிக்க ஊர்களிலும் இவை சேர்வதுண்டு என்பதால், லகரம் இல்லாத ஃபுட், ஃபூட் ஜோடியையும் கேட்கிறோம்: பாதமும் உணவும் ஒரே உயிரொலியில் வருகின்றன. இரண்டு டைட்டும் பிரிகின்றன. இப்போது குறிப்பில் ஸ்காட்லாந்து என்று எழுதலாம். எடின்பரோவா கிளாஸ்கோவா என்று சொல்ல இந்தப் பதிவு போதாது.